கூறு வைத்த கறியின் சரித்திரம்

உயிரோடு நிற்கையில் 20 கிலோ எடை காணும் ஒரு வெள்ளாட்டை உரித்துத் தொங்கவிட்டால், தொடை என்றும் நெஞ்சு என்றும் விலை சொல்லி விற்கத் தகுந்த கறியாகத் தேறுவது அதில் ஏறக்குறையப் பாதிதான்; மற்றப் பாதி, தலை, கால், தோல், இரத்தம், ஈரல், நுரையீரல், மண்ணீரல், இரைப்பை, குடல் என்று பல பெயர்களில் பிரிந்து பல கைகளுக்குப் போய்ச் சேருகிறது. விருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது பாதியைக் கழுவியவர் யார், சமைத்தவர் யார், அது இன்னாருக்கு உரியது என்று தீர்மானித்தவர் யார் என்பதெல்லாம் ஏட்டில் ஏறாமல் ஊர் வழக்கிலேயே தங்கிவிட்டன. ஏழை ஜனங்கள் வேறு கதியில்லாமல் தின்றார்கள் என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த அபிப்பிராயம் எனக்குச் சம்மதமில்லை. வறுமைக்கு இதில் இடமுண்டு என்பது மெய்தான். ஆனால் யாருக்கு எந்த அவயவத்தில் பாத்தியதை என்ற கேள்வி அதைக் காட்டிலும் பழையது, அதைக் காட்டிலும் கூர்மையானது.

பழங்காலத்திலிருந்து தொடங்குவதானால் ஆற்றுப்படை நூல்களைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொருவனுக்கு வழி சொல்லுகிற பாவனையில் அமைந்த அந்நூல்களில், எந்த நிலத்தில் யாருடைய வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பது கிரமமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின்படி எயினர் குடியிருப்புக்குப் போனால், மேட்டுநிலத்தில் விளைந்த சிவந்த அரிசிச் சோறும், நாய் பிடித்துத் தந்த சினை உடும்பின் பொரியலும் கிடைக்கும். சிறுபாணாற்றுப்படையில் வேட்டுவர் வீட்டுப் புளிச்சோற்றுக்குக் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியும், உழவர் வீட்டுச் சோற்றுக்கு நண்டும் துணையாக வருகின்றன. மலைபடுகடாத்தில் முள்ளம்பன்றியின் கொழுத்த ஊன் வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரை மாந்தர் இறாலைச் சுட்டும் வயலாமையைப் புழுக்கியும் உண்கிறார்கள். புறநானூற்றுக்குள் நுழைந்தால், பாரியின் பறம்பு நாட்டில் மழை பெய்தபின் புற்றிலிருந்து எழும் ஈசலை மோரோடு சேர்த்துப் புளிப்பாகச் சமைக்கிறார்கள்; வேறொரு பாட்டில் வேட்டுவச் சிறுவர்கள் உடைமுள்ளைச் செருகிய சிற்றம்போடு பருத்தி வேலி ஓரமாக எலிக்குக் காத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பாடுகிற புலவர்களின் குரலில் அருவருப்பும் இல்லை, அனுதாபமும் இல்லை. கொடுக்கிறவன் மனமுவந்து கொடுக்கிறான், வாங்குகிறவன் வயிறார உண்கிறான், அவ்வளவுதான். விருந்தாளிக்கு இன்னது கிடைக்கும் என்று இந்தப் பாடல்களில் நிர்ணயிப்பது அவன் நிற்கும் நிலமே ஒழிய அவனுடைய அந்தஸ்து அல்ல. உடும்பும் ஈசலும் நிறைந்த இந்தப் பாட்டுக்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்து, 1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் நமக்குக் கொடுத்தவர், ஊன் வாசனையே அறியாத ஆசாரத்தில் பிறந்து வளர்ந்த மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டாவதுண்டு. எயினர் வீட்டுப் பொரியலையும் அந்தணர் வீட்டு மாதுளங்காயையும் ஒரே சிரத்தையோடு பாடம் பார்த்துப் பதிப்பித்த அந்த மனோபாவம், பின்னால் வந்த சில ஆராய்ச்சிக்காரர்களுக்கு வாய்க்கவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடுகிற காலத்துக்கு வரும்போது நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. கண்ணப்பர் காளத்தியில் பன்றியிறைச்சியை நெருப்பில் வதக்கி, நன்றாக வெந்ததையும் மிருதுவானதையும் பல்லால் அதுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கடவுளுக்குப் படைக்கிறார். அதைக் கண்டு பதறும் அர்ச்சகர் சிவகோசரியாரும் அந்தக் கதையிலேயே இருக்கிறார். ஒரே சந்நிதியில் இருவகை நைவேத்தியங்கள் மோதிக்கொள்ளுகின்றன. அன்பு மிகுதியினால் வேடருடைய நைவேத்தியம் வெல்லுகிறது. ஆனால் நமது விஷயத்துக்கு இதைவிட முக்கியமானது திருநாளைப்போவார் வரலாறு. ஊரார் பறைத்தொழிலுக்காக விட்ட நிலத்தையே ஜீவன உரிமையாகக் கொண்டு வாழ்ந்த அந்த அடியார், கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார் என்கிறார் சேக்கிழார். கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இறந்த மாட்டின் தோல் முரசாகிக் கோயிலுக்குள் முழங்குகிறது, நரம்பு யாழாகிப் பாடுகிறது, பித்தப்பையின் உள்ளிருந்த வஸ்து பரிமளத் திரவியமாகிக் கர்ப்பக்கிருகம் வரையில் போகிறது. அவற்றை எடுத்துக் கொடுத்த மனிதர் மட்டும் வாசலில் நிற்கிறார். யாருக்கு எது உரியது, யார் எதுவரையில் வரலாம் என்ற ஏற்பாடு அதற்குள் எவ்வளவு இறுகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் கிளைகளைக் கிராம தேவதைகளின் கொடை விழாக்களில் இன்றும் காணலாம். கருப்பனுக்கோ முனிக்கோ அய்யனாரின் பரிவார தெய்வத்துக்கோ கிடா வெட்டினால், விழுந்த தலை யாருக்கு என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபடும்: சில ஊர்களில் பூசாரிக்கு, சில ஊர்களில் அரிவாள் பிடித்தவருக்கு, சில ஊர்களில் முதல் மரியாதைக்கு உரிய குடும்பத்துக்கு. தோல் ஒருவருக்கு, குடல் ஒருவருக்கு, கால்கள் ஒருவருக்கு என்று பறையடித்தவர், வெளுக்கிறவர், முடிதிருத்துகிறவர் முதலிய ஊழியக்காரர்களுக்குள் பிரிந்துபோவதும் உண்டு. கூலி என்று காசு கொடுக்கப் பழகாத காலத்தில் இதுவே சம்பளம். அதே சமயத்தில் இதுவே முத்திரையும். குடலை வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு அது சோற்றுக்கு வழி, பார்த்துக்கொண்டிருக்கிற ஊருக்கோ அவன் இன்ன இடத்துக்காரன் என்ற ஞாபகமூட்டல். ஒரு கிடாத் தலையின் நிமித்தம் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் தென்னாட்டில் அநேகம். கேட்கிறவர்களுக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் அவர்கள் சண்டையிட்டது கறிக்காக அல்ல.

சுலபமான பாகம் உடையவர்களுக்குப் போய்விட, கடினமான பாகம் ஊழியக்காரர்களுக்கு வந்து சேர்ந்ததனால் சமையற்கலைக்கு ஒரு லாபம் ஏற்பட்டது. தொடைக்கறியை யார் வேண்டுமானாலும் சமைத்துவிடலாம். குடலைச் சமைக்க முடியாது. முதலில் அதை உணவாக்க வேண்டும். அந்த வேலை முழுவதும் பெண்களுடையதாகவே இருந்திருக்கிறது. இரைப்பையைக் கீறிச் சாணத்தைக் கொட்டி, நீர்நிலைக்குக் கொண்டுபோய் அலசி, கொதிநீரில் சுண்ணாம்பு கலந்து முக்கியெடுத்து, உள்ளே மேலாகப் படிந்திருக்கும் கருந்தோலைக் கத்தியின் முதுகால் சுரண்டிச் சுரண்டி வெண்மை தெரியும்வரையில் தேய்ப்பார்கள். சிறுகுடலை ஒரு குச்சியில் கோத்து உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கழுவுவார்கள். பிறகு மஞ்சளும் உப்பும் இட்டுப் பிசறி வைத்து, ஒரு கொதி வந்ததும் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மசாலைப் பற்றி யோசிப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு, சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் தேங்காயும் அரைத்து ஊற்றி, சில வீடுகளில் கடலைப்பருப்பையும் போட்டு, சிறு தீயில் அது மெத்தென்று வேகுமட்டும் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் கைவைக்கக் கூடாத பதார்த்தம் இது.

தலைக்கும் காலுக்கும் வேறு முறை. மயிர் கருகும்படி தீயில் வாட்டி, கத்தியால் வழித்து, கரி போகக் கழுவி, தலையைக் கோடரியால் பிளந்து மூளையை உடையாமல் தனியே எடுத்து, நாக்கின் மேல்தோலை உரித்து, மிச்சத்தைத் துண்டாக்கி மிளகுக் குழம்பில் இடுவது வழக்கம். காலை மண்சட்டியில் இரவெல்லாம் கனலில் வைத்துவிட்டால் விடியற்காலையில் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும் பதத்தில் சாறு இறங்கியிருக்கும். இதைப் பாயா என்ற பெயரில் இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் உற்ற துணையாக்கி ஒரு பெரிய விருந்தின் ஸ்தானத்துக்கு உயர்த்திய பெருமை நம் நாட்டு முஸ்லிம்களுக்குரியது. இரத்தம் அவர்களுக்கு விலக்கப்பட்டது. ஆகையால் காலும் தலையும் அடைந்த மேன்மையை இரத்தம் அடையவேயில்லை. அது அறுக்கிற இடத்திலேயே அகன்ற பாத்திரத்தில் உப்பிட்டு ஏந்தப்பட்டு, உறைந்ததும் துண்டுகளாக வெந்நீரில் வெந்து, உதிர்க்கப்பட்டு, வெங்காயத்தோடும் மிளகாயோடும் தேங்காய்த் துருவலோடும் பொரியலாகி, காலைப் பொழுதிலேயே தீர்ந்துபோகும் எளிய வீட்டுப் பண்டமாகவே நின்றுவிட்டது. சுவரொட்டி என்று கடைக்காரர்கள் சொல்லும் மண்ணீரல், இரத்த விருத்திக்கென்று பிரசவித்தவளுக்கும் சோகை பிடித்த குழந்தைக்கும் ஒதுக்கப்பட்டது. மாமிச வகைகளுக்குத் தனித்தனியே குணம் சொல்லுகிற பதார்த்த குண சிந்தாமணி போன்ற வைத்திய நூல்களை இவர்களில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மருந்தென்று சொல்லி உண்ணும் உரிமை, ருசிக்கென்று உண்ணும் உரிமையைவிடக் கேள்வி குறைந்தது என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

மாட்டைப் பற்றிய பகுதி கசப்பானது. ஊரில் இறந்த மாட்டை அப்புறப்படுத்துவது ஒரு சாராரின் கடமை. அதன் தோலும் இறைச்சியும் அவர்களுடைய பாத்தியதை. உடனே உண்ண முடியாததை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்கி மழைக்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் ஏற்றுமதி பெருகியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோலுக்கு இங்கிலாந்தில் நல்ல கிராக்கி இருந்தமையால், வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் தோல் ஷாப்புகள் நிறைந்தன. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கால்நடைகள் ஏராளமாக மடிந்தபோது அந்த வியாபாரம் இன்னும் கொழுத்தது. இதன் விளைவு என்னவென்றால், தோலுக்கு விலை ஏறிய மாத்திரத்தில் அதன் லாபம் வியாபாரிகளின் பெட்டிக்குப் போயிற்று. பழைய பாத்தியதையில் பயனுள்ள பாகம் கைநழுவ, இழிவுள்ள பாகம் மட்டும் உழைத்தவர்களிடம் மிஞ்சியது. அதே காலத்தில் ஜனத்தொகைக் கணக்கெடுத்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும், 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட எட்கார் தர்ஸ்டனும், யார் எதை உண்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்து, சட்டியில் இருப்பதைக் கொண்டு மனிதனின் படியை அளக்கும் நம்மூர்ப் பழக்கத்துக்கு அச்சேறிய அந்தஸ்தையும் அளித்தார்கள். 1927 மார்ச்சு மாதத்தில் மகாட் மாநாட்டில் இறந்த மாட்டின் இறைச்சியைக் கைவிடும்படி டாக்டர் அம்பேத்கர் கேட்டுக்கொண்டது இந்தப் பின்னணியில்தான். அவர் கண்டித்தது உணவின் ருசியை அல்ல, கட்டாயத்தை. நம் பிரதேசத்திலும் இந்தக் கடமை சுமத்தப்பட்டவர்கள் செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று மறுத்துச் சில கிராமங்களில் அதற்காக அடியும் பட்டிருக்கிறார்கள்.

காட்டிலும் வயலிலும் கிடைப்பவற்றுக்கு இத்தகைய பங்கு வழக்கு கிடையாது, பிடித்தவனுக்கே சொந்தம். கதிர் முற்றுகிற பருவத்தில் இருளர்கள் வரப்புகளில் எலிவளைகளைத் தேடி, ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகையை ஊதி, மறுவாயிலில் எலியைப் பிடிப்பார்கள். வளையைத் தோண்டினால் எலி சேர்த்துவைத்த நெற்கதிரும் கிடைக்கும். ஒரே உழைப்பில் சோறும் கறியும் சேர்ந்து வந்துவிடுகிறது. நிலச்சொந்தக்காரருக்கு இது உபகாரமே என்றாலும், அந்த நெல்லில் பங்கு கேட்ட மிராசுதார்களும் இருந்திருக்கிறார்கள்! வயல் நண்டு, சேற்று நத்தை, முதல் மழைக்குப் பின் விளக்கொளியில் விழும் ஈசல் முதலியவை இப்படிக் கேட்பாரில்லாமல் கிடைத்த செல்வங்கள். ஈசலை இறகு நீக்கி வறுத்துப் பொரியரிசியோடு கலந்து வைத்துக்கொண்டால் மழைநாட்களுக்குக் குழந்தைகளுக்கு வேறு தின்பண்டம் வேண்டியதில்லை.

வயலிலிருந்தும் ஊழியக்காரர் வீட்டிலிருந்தும் இந்த உணவுகள் சந்தைக்கு வந்த வழிகளில் பெரியது கள்ளுக்கடை. கடை வாசலில் சட்டிகளோடு உட்கார்ந்த பெண்கள் குடல், இரத்தம், தலைக்கறி, நண்டு, நத்தை ஆகியவற்றைக் காரசாரமாக விற்றார்கள். பங்காகப் பெற்றது அங்கேதான் காசாக மாறியது. ஜாதியில் உயர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் வீட்டில் தொடாததை அங்கே நின்று தின்றதையும் ஊர் அறியும். 1937-இல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியபோது, குடியை நிறுத்தியது பற்றி எழுதியவர்கள் பலர். வாசலில் சட்டி வைத்திருந்தவர்களின் ஜீவனத்தைப் பற்றி எழுதியவர்கள் அபூர்வம்.

காட்டு மாமிசங்களைப் பொறுத்தவரையில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பெரிய திருப்பம். எயினர் விருந்தில் வந்த உடும்பு அதன் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. முயலும் கௌதாரியும் சட்டத்தின் காவலுக்குள் போயின. பாம்புத் தோல் வியாபாரம் நின்றதால் தொழிலிழந்த இருளர்களுக்காக 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. தோலுக்குப் பதிலாக விஷத்தை எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிற அந்த யோசனை புத்திசாலித்தனமானது. கண்ணியில் பிடித்த காட்டுக் காடைக்குப் பதிலாக, 1974-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை கூண்டுகளில் பெருகி ஹோட்டல் பட்டியலில் ஏறிவிட்டது. சட்டம் அவசியமானது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதன் சுமை, காட்டை அழித்தவர்கள்மீது விழாமல், வலையும் கண்ணியும் வைத்திருந்தவர்கள்மீது முதலில் விழுந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். கிடாவெட்டுக்கும் இப்படியொரு சோதனை வந்தது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950-இல் இயற்றப்பட்டு வெகுகாலம் உறங்கிக்கிடந்த சட்டத்தை 2003-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் திடீரென்று அமலுக்குக் கொண்டுவந்தது. கிராமங்களில் எழுந்த மனக்கொதிப்பைக் கண்டு அடுத்த வருஷமே அது ரத்து செய்யப்பட்டது.

நகரங்களில் பாத்தியதை போய் விலை வந்தது. சென்னையில் ஆட்டுத்தொட்டி என்று ஜனங்கள் சொல்லும் மாநகராட்சி அறுப்புக்கூடத்தில், விடியுமுன் கறி ஒரு பக்கமும், தலை, கால், போட்டி என்னும் குடல் ஆகியவை வேறொரு பக்கமுமாகப் பிரிந்து, வெவ்வேறு வியாபாரிகளிடம் போகின்றன. ஊரில் எவனுக்கு உரியது என்ற பேச்சே அங்கே இல்லை. காசு கொடுத்தவனுக்கு உரியது. இதை விடுதலை என்று கொள்ளலாம். ஆனால் விலைக்கு வேறொரு சுபாவம் உண்டு: ருசி தெரிந்தவர்கள் பெருகப் பெருக அது மேலே போய்க்கொண்டேயிருக்கும். ஒரு காலத்தில் ஊழியக்காரனுக்கு எடுத்துக்கொடுத்த கால்கள் இன்று ஜோடி கணக்கில் பேரம் பேசப்படுகின்றன; சுவரொட்டிக்கு முதல்நாளே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது; மதுரைப் பக்கத்து ஹோட்டல்களில் மூளை வறுவலும் ஈரல் வறுவலும் விருந்தாளியின் மதிப்பைக் காட்டும் பண்டங்களாகிவிட்டன. குடலைச் சுண்ணாம்பிட்டுத் தேய்த்த கைகளின் சந்ததியார் அதே குடலை நாற்காலியில் உட்கார்ந்து விலைகொடுத்து உண்ணும்போது பெருமைப்படுகிறார்களா, தயங்குகிறார்களா என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் அதைத் தொடுவதேயில்லை, அவர்களுடைய காரணத்தை நாம் மதிக்க வேண்டும்.

பழைய கூறு முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. தீபாவளிக்கும் பொங்கலை அடுத்த கரிநாளுக்கும் பல கிராமங்களில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி அறுத்துக்கொள்ளுகின்றன. யாழ்ப்பாணத்திலும் இதைப் பங்கு இறைச்சி என்று சொல்லி, பனையோலையைப் பரப்பிக் கூறு வைக்கிறார்கள். இதில் தலையாரிக்கு இது, பூசாரிக்கு அது என்ற பேதமில்லை. தொடையில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு முழம், எலும்பில் நாலு என்று ஒவ்வொரு கூறிலும் எல்லா அவயவங்களும் இருக்கும்படி வைத்து, தராசில்லாமலே கண்ணளவில் சரிபார்த்து, இந்தக் கூறு யாருக்கு என்று திரும்பி நிற்கும் ஒரு சிறுவனைப் பெயர் சொல்லச் செய்து பிரித்துக்கொள்ளுகிற ஊர்கள் உண்டு. பத்துக் கூறாக்கினால் ஈரலைப் பத்தாக நறுக்கலாம். மண்ணீரல் உள்ளங்கையளவு ஒன்றே ஒன்றுதான். அதை யாருடைய கூறிலும் சேர்க்காமல் தனியே ஓர் இலையில் வைத்துவிட்டு, பங்காளிகளில் எவர் வீட்டிலாவது பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாளா என்று விசாரிப்பார்கள். இருந்தால் அங்கே போகும், இல்லாவிட்டால் உரித்தவர் தம் குழந்தைக்கென்று எடுத்துக்கொள்ளுவார்.